மீன் கூடிய நாளில் நின்றுபோன கணக்கு

மே மாதத்து முதற் கிழமையில் திருகோணமலையின் திருக்கடலூர்ப் படகுக்காரர் ஒருவர் மீனவர் சங்கத்து மேசையில் ஒரு சிட்டையை விரித்து வைத்தார். பில் மெஷினில் வந்த, மூன்று விரல் அகலச் சிட்டை. "மண்ணெண்ணெய் முற்பணக் கழிவு 7,400" என்ற வரி அதில் இரண்டு தடவை இருந்தது. ஒரே திகதி, ஒரே தொகை, ஒன்றின்கீழ் ஒன்று.

"நான் ஒருக்காத்தானே எண்ணெய் எடுத்தனான்," என்றார். சத்தம் போடவில்லை. விரலை அந்த இரண்டாவது வரியில் வைத்தபடியே நின்றார்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறிய நாளிலிருந்து, சிறிய வெளியிணைப்பு மோட்டார்ப் படகு வைத்திருப்பவர்களுக்கு எண்ணெய்க் கணக்குத்தான் வீட்டுக் கணக்கு. அதில் ஒரு கழிவு இரண்டாகப் போவது சின்ன விஷயம் இல்லை. அந்த இரண்டாவது வரி எப்படி வந்தது என்று தேடிப்போனபோது, ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு நிரல், பைதான் என்ற வேறு மொழியில் எழுதிய இன்னொரு நிரலை எழுப்பி ஓடவைக்கும் இடத்தில் போய் நின்றேன். அந்த இடத்தை எழுதியவன் நான். ஆகவே இந்த ஆய்வை எழுதவேண்டியவனும் நான்தான். சங்கத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

இடமும் பருவமும்

திருகோணமலையில் கடல் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும் வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும். உள்துறைமுகத்துக்குள் தண்ணீர் அமைதியாகக் கிடந்தாலும் வெளிக்கடலில் சின்னப் படகு போகமுடியாது. பங்குனி, சித்திரைக்குப் பிறகு இந்தப் பக்கம் கடல் அடங்கும். அதே காலத்தில் மேற்குக் கரையில் தென்மேற்குக் காற்று எழும்புவதால், அங்கிருந்தும் மீனவர்கள் கிழக்குக்கு வந்து வாடி போடுவார்கள். சங்கத்தில் மார்கழியில் ஒரு நாளைக்கு எழுபது எண்பது எடைப் பதிவு வந்தால் பெரிய காரியம். வைகாசியில் அதே மேசையில் ஐந்நூறைத் தாண்டும்.

இந்தப் பருவ வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிழையைக் கிளப்பிய மாற்றம் வந்தது மார்கழியில், வெளியே தெரிந்தது சித்திரை முடிவில். நடுவில் நான்கு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது.

இரண்டு நிரல்கள்

எடை மேசையில் இருப்பது ஜாவாவில் எழுதிய பழைய நிரல். டிஜிட்டல் தராசிலிருந்து எடையை வாங்கும், படகு இலக்கம், மீன் வகை, தரம், விலை எல்லாவற்றையும் பதியும், சிட்டை அடிக்கும். எனக்கு முன்னால் யாரோ எழுதியது, உறுதியாக எழுதியிருந்தார்கள்.

பங்குக் கணக்கு வேறு. அன்றைய விற்பனையில் எண்ணெய், ஐஸ், இரைச் செலவையும் முற்பணத்தையும் கழித்து, மீதியைப் படகுக்கும் ஆட்களுக்கும் பிரிக்கவேண்டும். படகுக்குப் படகு பங்கு முறை மாறும். இதைப் பைதானில் எழுதியவர் வளாகத்தில் கணினி படித்துக்கொண்டிருந்த ஒரு தங்கை, ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை. பங்குப் பிரிப்பில் இருக்கும் நுணுக்கமெல்லாம் அவருக்கு வீட்டிலேயே தெரிந்திருந்தது. அந்த நிரலைப் படித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு சரியாக இருந்தது.

முதலில் அவர் தன் மடிக்கணினியில் அதைக் கையால் ஓட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு நாளும் விடிய ஐந்து மணிக்கு அவரைக் கூப்பிட முடியாதென்று, ஜாவாத் திரையில் "கணக்கு முடி" என்று ஒரு பொத்தான் வைத்து, அதை அழுத்தினால் பைதான் நிரல் ஓடும்படி இணைக்கச் சொன்னார்கள். போன பருவத்தின் தொடக்கத்தில் நான் அதைச் செய்துகொடுத்தேன்.

எல்லாவற்றையும் ஜாவாவிலேயே திரும்ப எழுதியிருக்கலாமே என்று பிறகு பலபேர் கேட்டார்கள். எழுதலாம். ஆனால் பங்கு முறை மாறும்போதெல்லாம் அந்தத் தங்கை திருத்தித் தருகிறார். ஜாவாவுக்கு மாற்றினால் அந்தக் கை அறுந்துபோகும். ஜாவாவுக்குள்ளேயே பைதானை ஓட்டும் ஜைத்தான் என்ற வழியும் உண்டு, ஆனால் அது பைதான் 2.7-ஓடு நின்றுவிட்டது, எங்கள் நிரல் பைதான் 3. பைதானை ஒரு சேவையாக எந்நேரமும் ஓடவிட்டு வலைவழியாகப் பேசவைக்கலாம் என்றால், ஒரு நாளைக்கு ஒருமுறை ஓடும் வேலைக்கு அது கூடுதல் பாரம், அது விழுந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். தனி நிரலாக எழுப்பி, வேலை முடிந்ததும் அது தானாக ஓய்ந்துபோவதே இந்த இடத்துக்குப் பொருத்தம். இன்றைக்கும் அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன். பிழை முடிவில் இல்லை. எழுப்பிய விதத்தில் இருந்தது.

அந்த விடிகாலை

சித்திரை கடைசியில் ஒரு நாள், ஐந்தே கால் மணிக்குத் தொலைபேசி அடித்தது. பதிவு மேசை அக்கா. பொத்தானை அழுத்தியிருக்கிறார், திரை அப்படியே உறைந்துவிட்டது. சுட்டி நகர்கிறது, பொத்தான் எதுவும் கேட்கவில்லை. வெளியே லொறி நிற்கிறது, றெஜிஃபோம் பெட்டியில் ஐஸ் கரைகிறது, படகுக்காரர்கள் சிட்டைக்கு நிற்கிறார்கள். பத்து நிமிடம் பார்த்துவிட்டு நிரலை வலுக்கட்டாயமாக மூடினார். கணினியை அணைத்துப் போட்டார். திரும்ப அழுத்தினார். திரும்பவும் உறைந்தது. மீண்டும் மூடிவிட்டு, கொப்பியை எடுத்துக் கையால் கணக்குப் போட்டு ஆட்களை அனுப்பிவைத்தார்.

நான் ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பைதான் நிரலை, கட்டளைகளைத் தட்டச்சுச் செய்யும் கறுப்புத் திரையில் கையால் ஓட்டிப் பார்த்தேன். மூன்று விநாடியில் முடிந்தது. பொத்தானை அழுத்தினால் நின்றது. கையால் ஓட்டினால் ஓடுகிறது, பொத்தானால் ஓட்டினால் நிற்கிறது: இந்த ஒரு வரியை அன்றைக்கே சரியாக யோசித்திருந்தால் இந்த ஆய்வு பாதியாகியிருக்கும். நான் யோசிக்கவில்லை. கணினிக்கு நினைவகம் போதவில்லை என்றேன். நான்கு கிகாபைட் எட்டாக்கப்பட்டது. அடுத்த இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் நின்றது. யூபிஎஸ்ஸில் சந்தேகம் வந்தது, அதையும் மாற்றினார்கள். நாலு நாள் ஓடியது, பிறகு நின்றது. ஒவ்வொரு மாற்றமும் பலித்த மாதிரித் தெரிந்ததற்குக் காரணம், இடையிலே மீன் குறைந்த நாட்கள் வந்ததுதான். அது அப்போது எனக்குத் தெரியாது.

அதைக் கண்டுபிடித்தது அக்கா.

"தம்பி, நான் கொப்பியில குறிச்சு வச்சிருக்கிறன். மீன் கூடின நாளிலதான் நிக்குது. குறைஞ்ச நாளில ஒண்டும் இல்லை."

கொப்பியைக் காட்டினார். திகதி, எடைப் பதிவுகளின் எண்ணிக்கை, பக்கத்தில் நின்றதா ஓடியதா என்று ஒரு சரி அல்லது புள்ளடி. 340 பதிவு வந்த நாள் ஓடியிருந்தது. 480, 515, 560 நின்றிருந்தன. கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒருவர், ஒரு நல்ல சோதனைக்காரர் செய்யவேண்டியதை ஒரு சீஆர் கொப்பியில் செய்துவைத்திருந்தார்.

ஆனால் போன பருவத்திலும் ஐந்நூறு, அறுநூறு வந்ததே? அதே கணினி, அதே பொத்தான். அப்போது ஒருநாளும் நிற்கவில்லை. ஆகவே எண்ணிக்கை மட்டும் காரணமாக இருக்கமுடியாது. இடையில் ஏதோ மாறியிருக்கவேண்டும். பைதான் நிரலின் மாற்றப் பதிவைப் பார்த்தேன். மார்கழியில் ஒரேயொரு திருத்தம். எச்சரிக்கைச் செய்திகள் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றப்பட்டிருந்தன. கணக்கில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தல்

அடுத்த முறை நின்றபோது மூடவேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தேன். போய்ப் பார்த்தேன். இரண்டு நிரலும் உயிரோடு இருந்தன. கணினியின் செயலி நேரத்தில் இரண்டும் எடுத்துக்கொண்டது பூச்சியம். வேலை செய்து களைத்து நிற்கவில்லை. இரண்டும் எதற்கோ காத்துக்கொண்டிருந்தன.

ஓடும் நிரல் இயங்குதளத்திடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியால் பைதான் நிரலைப் பார்த்தபோது ஒரே ஒரு வரி, அதுவும் முடியாத வரி: இரண்டாம் இலக்கத்துக்கு எழுதும் அழைப்பு, தொடங்கியபடியே நிற்கிறது. யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழி வந்த எல்லா இயங்குதளங்களிலும் ஒரு நிரல் பிறக்கும்போதே அதற்கு மூன்று வாசல் திறந்திருக்கும். பூச்சியம் உள்ளீடு, ஒன்று வெளியீடு, இரண்டு பிழை வெளியீடு. எச்சரிக்கைகள் போவது இந்த இரண்டாம் வாசலால். ஜாவாப் பக்கத்தை, நிரல் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் ஜேஸ்டாக் கருவியால் பார்த்தால், அது ஒன்றாம் வாசலைப் படிக்கும் இடத்தில் நின்றது. விடை வரும், வரும் என்று.

இப்போது விளங்கியது. ஒரு நிரல் இன்னொன்றை எழுப்பும்போது அந்த வாசல்கள் திரைக்குப் போவதில்லை. எழுப்பியவருக்குப் பைப் வழியாக வருகின்றன. பைப் என்பது பெல் ஆய்வகத்து டக்ளஸ் மெக்கில்ராயின் யோசனை. யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1973-இல் அதை யுனிக்ஸுக்குள் கொண்டுவந்தார். அது அடியில்லாத கிணறு இல்லை. ஒரு பக்கம் ஊற்ற, மறுபக்கம் அள்ளவேண்டும். அள்ளாவிட்டால் நிறையும். நிறைந்தால், ஊற்றுகிறவரை இயங்குதளத்தின் மையமான கேர்னல் நிற்பாட்டி வைத்துவிடும், இடம் வரும் வரைக்கும். சங்கத்துக் கணினியின் இயங்குதளமான லினக்ஸில் அந்தக் கொள்ளளவு முன்பு 4,096 பைட்டாக இருந்தது. 2005-இல் வந்த 2.6.11 பதிப்பிலிருந்து 65,536 பைட்.

என்னுடைய ஜாவா வரிகள் செய்தது இதுதான். பைதானை எழுப்பு. ஒன்றாம் வாசலை முடியும்வரை படி. பிறகு நிரல் முடியும்வரை காத்திரு. இரண்டாம் வாசலை யாரும் படிக்கவில்லை. நான் அதை நினைக்கவேயில்லை. எச்சரிக்கைகள் பைப்பில் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தன. நிறைந்ததும் பைதான் எழுதும் இடத்தில் நின்றது. எழுதி முடித்தால்தான் விடை சொல்லும். ஜாவா விடைக்காக நின்றது. விடை வந்தபிறகு இரண்டாம் வாசலைப் படிப்பதற்கும் அதில் ஒரு வரி இல்லை. ஒருவர் வருவார் என்று மற்றவர் சந்தியில் நிற்க, மற்றவரும் இன்னொரு சந்தியில் அதே நினைப்பில் நிற்பது மாதிரி.

இதை ஜாவாவின் ஆவணமே, எழுப்பிய நிரலைக் கையாளும் புராசஸ் வகுப்பின் முதற் பத்திகளில் எச்சரிக்கிறது: சில இயங்குதளங்களில் இந்தக் கொள்ளளவு சிறியது, உடனுக்குடன் படிக்காவிட்டால் இரண்டு பக்கமும் பூட்டிக்கொள்ளலாம் என்று. பைதானில் வேறு நிரல்களை எழுப்பும் சப்புராசஸ் பகுதியின் ஆவணத்திலும் அதே எச்சரிக்கை உண்டு. எந்த மொழியிலிருந்து எந்த மொழியை எழுப்பினாலும் இது ஒன்றுதான், ஏனென்றால் பைப் மொழிக்குச் சொந்தமில்லை, இயங்குதளத்துக்குச் சொந்தம்.

கையால் ஓட்டினால் ஏன் ஓடியது என்பதற்கும் இதுவே விடை. கறுப்புத் திரை இரண்டு வாசலையும் வந்தவுடன் வாங்கிக் காட்டிவிடும். அங்கே அள்ளுகிறவர் இருக்கிறார்.

மூன்று பைட்

இனி, ஏன் தமிழாக்கிய பிறகு மட்டும்?

கணினிக்குள் எழுத்துகள் யுடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாகின்றன. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் இலக்கம் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. அதுவும் கு, மி, லை போன்ற உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க் குறிக்கு ஒன்று என்று இரண்டு குறியீடு. "திருகோணமலை" நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்குப் பத்துக் குறியீடு, முப்பது பைட்.

எங்கள் நிரலின் ஒரு வரியை எடுத்து எண்ணினேன்:

எச்சரிக்கை: படகு 214, அறக்குளா, தரம் எழுதப்படவில்லை, நேற்றைய விலை எடுக்கப்பட்டது

தமிழ்க் குறியீடு 65, ஆகவே 195 பைட். இலக்கம், இடைவெளி, நிறுத்தக்குறி, வரிமுடிவு சேர்த்து 16. மொத்தம் 211. மார்கழிக்கு முன்பிருந்த ஆங்கில வரி 56 பைட்.

65,536-ஐ 211-ஆல் வகுத்தால் 310 வரி வருகிறது. அதே வரியைத் திரும்பத் திரும்ப எழுதும் ஒரு சின்னச் சோதனை நிரலை வீட்டில் எழுதி, ஜாவாவால் எழுப்பிப் பார்த்தேன். 304 வரிக்கு ஓடியது. 305-இல் நின்றது. அந்த ஆறு வரி எங்கே போனது என்று ஒரு இரவு தேடினேன். கேர்னல் அந்தக் கொள்ளளவை 4,096 பைட் பக்கங்கள் பதினாறாக வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தில் மிச்சமுள்ள இடத்துக்குள் வரி முழுதாக அடங்காவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. பக்கத்துக்கு 19 வரி, பதினாறு பக்கத்துக்கு 304. அதே கணக்கில் ஆங்கில வரி 1,168 வரை தாங்கும். போன பருவத்தில் ஒரு நாளும் அவ்வளவு எச்சரிக்கை வந்ததில்லை. அதனால் ஒருநாளும் நிற்கவில்லை. பிழை முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது; தமிழ் அதை வெளியே கொண்டுவந்தது.

மீன் கூடும்போது எச்சரிக்கை கூடுவதற்கும் காரணம் எளிது. வரிசை நீளும்போது எடை மேசையில் தரம் குறிக்க நேரமில்லை. குறிக்காத ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி. ஐந்நூறு பதிவில் முந்நூறுக்கு மேல் தரம் இல்லாமல் போனால் பைப் நிறைந்துவிடும். அக்காவின் கொப்பியில் இருந்த எல்லைக்கு அர்த்தம் இதுதான்.

இந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டியபோது, அங்கே இருந்த ஒருவர், "அப்ப திரும்ப ஆங்கிலத்திலயே போட்டுவிடுங்கோவன், பிரச்சினை முடிஞ்சுது" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். 1,168 என்பதும் ஒரு எல்லைதான், இன்னொரு பெரிய பருவத்தில் அதுவும் நிறையும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. அந்தத் தங்கையைக் கேட்டேன், ஏன் மாற்றினீர்கள் என்று. அவர் சொன்னார்: "மார்கழியில நான் சங்கத்தில வச்சுச் சோதிச்சுப் பார்க்கேக்க அக்கா பக்கத்தில நிண்டவ. இதைத் தமிழில போட்டா எனக்கும் விளங்கும் பிள்ளை எண்டவ. அதுதான்."

அக்கா வாசிப்பதற்காக ஒரு பிள்ளை உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கியிருக்கிறார். என்னுடைய நிரல் அந்த வரிகளை அக்காவிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவேயில்லை. பைப்புக்குள் வைத்து, நிரல் முடிந்ததும் எறிந்துவிட்டது. பொத்தான் வந்த நாளிலிருந்து, ஆங்கிலமோ தமிழோ, ஒரு எச்சரிக்கையையும் சங்கத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. உறைந்த திரையைவிட எனக்கு இது வலித்தது.

இரண்டாவது 7,400

பைதான் நிரல் படகு படகாகக் கணக்கை முடித்து, ஒவ்வொரு படகும் முடிந்தவுடன் தரவுத்தளத்தில் பதிந்துகொண்டு போகும். எழுபதாவது படகு வாக்கில் பைப் நிறைந்து நிற்கும். அக்கா ஜாவாவை வலுக்கட்டாயமாக மூடும்போது பைப்பின் படிக்கும் முனை உடைந்துபோகும். உடனே கேர்னல், காத்திருந்த பைதானிடம் "மறுமுனையில் ஆள் இல்லை" என்று சொல்லும். பைதான் புரோக்கன்பைப் பிழையோடு செத்துவிடும். அதுவரை பதிந்த எழுபது படகும் பதிந்தபடியே இருக்கும். மற்றவை இல்லை.

திரும்ப அழுத்தும்போது முதலாம் படகிலிருந்து மறுபடி. அதே எழுபது படகுக்கும் முற்பணம் மறுபடி கழிந்தது. அதே இடத்தில் மறுபடி நின்றது. அன்றைக்குக் கையால் எழுதிய சிட்டை சரியாகத்தான் இருந்தது. ஆனால் முற்பணப் பதிவேட்டில் இரண்டு கழிவு. கிழமை முடிவில் அச்சடித்த விபரச் சிட்டையில் அது வெளியே வந்தது. திருக்கடலூர்க்காரர் ஒருவர்தான் வந்து கேட்டார். சிட்டையை வரி வரியாக வாசிக்காதவர்களும் இருந்தார்கள்.

ஒரு பின்னேரம் முழுக்க இருந்து அத்தனை இரட்டைப் பதிவையும் கண்டெடுத்தோம். சங்கம் எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தது, கேட்காதவர்களுக்கும்.

திருத்தம்

பைப்பைச் சரிசெய்ய மூன்று வழி இருந்தது. இரண்டு வாசலையும் ஒன்றாக்கிவிடலாம்; ஜாவாவில் வேறு நிரல்களை எழுப்பும் புராசஸ்பில்டர் என்ற வகுப்பில் அதற்கு ஒரு வரி போதும். ஆனால் ஒன்றாம் வாசலால் வருவது, நிரல்கள் தரவைப் பரிமாறும் ஜேசன் வடிவிலான விடை. அதற்குள் எச்சரிக்கை கலந்தால் விடை கெடும். ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு வேலை இழை, அதாவது திரெட், வைத்து இரண்டாம் வாசலை ஒரே நேரத்தில் அள்ளிக்கொண்டிருக்கலாம். இது முறையான வழி, எச்சரிக்கையை உடனுக்குடன் திரையில் காட்டவேண்டுமானால் இதுதான் வேண்டும். மூன்றாவது, பிழை வெளியீட்டை நேரே ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுவது. ஜாவா 7-இலிருந்து அந்த வசதி இருக்கிறது. கோப்புக்கு 64 கிலோபைட் எல்லை இல்லை, நிரல் இடையில் செத்தாலும் அதுவரை எழுதியது கையில் இருக்கும். நான் இதை எடுத்தேன். அன்றன்றைய திகதியில் ஒரு கோப்பு; கணக்கு முடிந்ததும் அதைத் திறந்து ஜாவாத் திரையின் வலப்பக்கத்தில் காட்டும்.

அது மட்டும் போதாது. எழுப்பிய நிரல் வேறு எந்தக் காரணத்தால் நின்றாலும் மேசை உறையக்கூடாது. அழைப்பைத் திரையை வரையும் திரெட்டிலிருந்து பின்னணிக்கு மாற்றினேன். ஜாவா 8-இல் வந்த நேர எல்லையுள்ள காத்திருப்பைப் போட்டு, இரண்டு நிமிடத்துக்குள் முடியாவிட்டால் பைதானை நிறுத்திவிட்டு, "கணக்கு முடியவில்லை, ஒன்றும் பதியப்படவில்லை" என்று காட்டச் சொன்னேன். ஒன்றை இங்கே கவனிக்கவேண்டும். விடையைப் படிக்கும் வரி காத்திருக்கும் வரிக்கு முன்னால் இருந்தால், நேர எல்லை ஒருபோதும் தொடங்காது; நிரல் படிப்பதிலேயே மாட்டிக்கொள்ளும். அதனால் விடையையும் ஒரு கோப்புக்குத் திருப்பி, நிரல் முடிந்தபிறகு படிக்கிறேன்.

முடிவு இலக்கத்தையும் இப்போது பார்க்கிறேன். ஒரு நிரல் ஓயும்போது பூச்சியத்தைத் தந்தால் சுகம், வேறு எதைத் தந்தாலும் கோளாறு. முன்பு நான் அதைக் கேட்கவேயில்லை.

"ஒன்றும் பதியப்படவில்லை" என்ற வாசகம் உண்மையாக இருக்கவேண்டுமே. அதைத் தங்கை தன் பக்கத்தில் செய்து தந்தார். எல்லாப் படகும் ஒரே பரிவர்த்தனைக்குள்; கடைசிப் படகு முடிந்தால்தான் பதியும், இடையில் செத்தால் எல்லாம் பழையபடி. அதோடு, ஒரு படகுக்கு ஒரு திகதியில் ஒரு கணக்குத்தான் இருக்கலாம் என்று தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடு. இனிப் பத்துத் தடவை அழுத்தினாலும் 7,400 ஒரு தடவைதான் கழியும். என்னைக் கேட்டால், மேலே சொன்ன எல்லாத் திருத்தத்திலும் பெரியது இதுதான்.

தேடும்போது கிடைத்த வேறு கோளாறுகள்

பழைய அழைப்பு ஜாவாவின் ரன்டைம் எக்ஸெக் முறையில், முழுக் கட்டளையையும் ஒரே சரமாகக் கொடுத்திருந்தது. அப்படிக் கொடுத்தால் ஜாவா இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டும். மேற்கோள் குறியையும் மதிக்காது. படகின் பெயரில் இடைவெளி இருந்தால் பெயர் இரண்டு துண்டாகிப் போகும். ஜாவா 18-இல் அந்த முறையையே கைவிடப்பட்டதாக அறிவித்துவிட்டார்கள். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகப் பட்டியலில் கொடுக்கும் புராசஸ்பில்டர் வழிக்கு மாறிவிட்டேன்.

பைதான் எங்கே இருக்கிறது என்பதை முழுப் பாதையாக எழுதிவிட்டேன். கறுப்புத் திரையில் தெரியும் பாதை, திரையிலுள்ள படத்தை அழுத்தித் திறக்கும் நிரலுக்குத் தெரியவேண்டுமென்பதில்லை.

எழுத்துமுறையும் அப்படித்தான். அந்தக் கணினியில் இருப்பது ஜாவா 11. 2022-இல் வந்த ஜாவா 18-இலிருந்துதான் யுடிஎஃப்-8 இயல்பான முறை. அதற்கு முந்தியவை கணினியின் மொழி அமைப்பைக் கேட்டு முடிவெடுக்கும். அமைப்பு மாறினால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வரும். இரண்டு பக்கமும் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதிவைத்தோம்.

பிறகு

திருத்தம் போட்ட மூன்றாம் நாள் 583 பதிவு. நான் விடியவே போய்ப் பக்கத்தில் நின்றேன். அக்கா பொத்தானை அழுத்தினார். நான்கு விநாடி. வலப்பக்கத்தில் எச்சரிக்கைகள் வந்து விழுந்தன, 371 வரி.

அக்கா சிட்டை அடிக்கவில்லை. வாசிக்கத் தொடங்கினார். வெளியே ஆட்கள் நிற்கிறார்கள், நான் அவசரப்படுத்தப் பார்த்தேன். கையைக் காட்டி நிற்பாட்டினார்.

"தம்பி, இதென்ன, அறக்குளா முழுக்க நேற்றைய விலை எண்டு கிடக்கு? நேற்று வந்தது ரெண்டாம் தரம். இண்டைக்கு வந்தது முழுக்க முதலாம் தரம். இப்பிடித்தான் ஒவ்வொரு நாளும் போட்டதோ?"

ஓம் என்றுதான் சொல்லமுடிந்தது.

அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எடை மேசைப் பையனைக் கூப்பிட்டார். ஒவ்வொரு படகாகத் தரத்தைக் கேட்டுக் கேட்டுப் போட்டார். அரை மணித்தியாலம் பிடித்தது. மறுபடி அழுத்தினார்; எச்சரிக்கை 12 வரியாகியிருந்தது. அந்தப் பன்னிரண்டையும் வாசித்துவிட்டு அச்சடித்தார்.

வரிசையில் நாலாவதாகத் திருக்கடலூர்க்காரர் நின்றார். சிட்டையை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, மேலிருந்து கீழாக விரல் வைத்து வாசித்தார். அறக்குளா, முதலாம் தரம், 46 கிலோ. முற்பணக் கழிவு, ஒரு வரி. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.